அவர் ரிடையர் ஆனார். நான் ஊர் பார்த்தேன்

கல்யாணமான புதிதில் நான் எங்கே கூப்பிட்டாலும் என் கணவர் சொல்லும் பதில் ஒன்றேதான். "ரிடையர் ஆகட்டும், போவோம்."

அது 1997-ம் வருஷம். எனக்கு இருபத்தோரு வயது, அவருக்கு முப்பத்து நாலு. இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத்தான் தன் கல்யாணம் என்று இருந்தவர். மூத்த பிள்ளையாய்ப் பிறந்தவர்களின் கதை நம் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான். ரிடையர்மென்ட் என்பது வீரபாண்டித் திருவிழா மாதிரி, கம்பம் நட்டால் தேர் வந்துதானே ஆகவேண்டும் என்று நானும் நம்பிக்கொண்டேன். இன்னும் எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற புத்தி அந்த வயதில் ஏது?

நான் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம். தேனி அப்போதுதான் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியிருந்தது. புது மாவட்டம், புது ஆபீஸ், மலை மாதிரி வேலை. இவர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். காலையில் டிபன் பாக்ஸோடு போனால் இரவு எட்டு மணிக்குத்தான் சைக்கிள் மணி கேட்கும். தேர்தல் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. தணிக்கை வருகிறது என்றால் தீபாவளிகூட அரை நாள்தான்.

அவர் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய டைரி ஒன்றில் நான் ஊர்களின் பெயரை எழுதி வைக்க ஆரம்பித்தேன். சுருளி அருவி, மேகமலை, கண்ணகி கோயில், லோயர் கேம்ப், சென்னைக் கடற்கரை, ராமேஸ்வரம், கடைசியில் காசி. சிரிக்காதீர்கள். தேனியில் குடியிருந்துகொண்டு சுருளி அருவியைப் பார்க்காதவள் நான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கம்பத்துக்கு இங்கேயிருந்து நாற்பது கிலோ மீட்டர்தான். ஆனால் பிள்ளைகள் இரண்டு, பிறகு அவர்கள் படிப்பு, அதன் பிறகு என் மாமியார் பக்கவாதத்தில் படுத்து ஆறு வருஷம். ஒரு பகல் முழுக்க வீட்டை விட்டுப் போவது என்பது எனக்குக் காசிக்குப் போவதற்குச் சமம். உங்களில் பல பேருக்குத் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை.

இவருக்கு 2021 ஜூன் மாதம் ஐம்பத்தெட்டு வயது முடிந்து ரிடையர் ஆகவேண்டும். காலண்டரில் வட்டம் போடாத குறைதான். 2020 மே மாதம், கொரோனா சமயத்தில், ஓய்வு பெறும் வயதை 59 ஆக்கினார்கள். சரி, ஒரு வருஷம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 2021 பிப்ரவரியில் 60 ஆக்கிவிட்டார்கள். ஆபீஸில் எல்லோருக்கும் சந்தோஷம், இவருக்கும்தான். கண்காணிப்பாளர் சம்பளம் இன்னும் இரண்டு வருஷம் வரும், மகள் கல்யாணக் கடன் அடையும் என்று. நான்தான் டைரியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

இவரோடு வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர், குடும்ப நண்பர். பழைய கணக்குப்படி 2021-லேயே வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர். 2022-ல் ஒரு நாள் ஆபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. நான் அந்த அக்கா வீட்டில் பத்து நாள் இருந்து சமைத்துப் போட்டேன். ஒரு நாள் அந்த அக்கா பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "எது என்ன பேப்பர்னே தெரியல தாயி. முப்பது வருஷத்துல ஒரு நாள்கூட அவுக சொல்லல, நானும் கேக்கல" என்றார். அந்தக் குவியலில் காசி யாத்திரை நோட்டீஸ் ஒன்று மடித்து இருந்தது. அதை அவர் கையில் கொடுக்காமல் என் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. என் கணவரைவிட நான் பதின்மூன்று வயது சின்னவள் என்பது அதுவரை எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

ரிடையர் ஆவதற்குச் சில மாதம் முந்தி பென்ஷன் பேப்பர்கள் தயார் செய்தார்கள். ஒரு நாள், "புடவை மாத்திக்கிட்டு வா, ஸ்டூடியோவுக்குப் போகணும்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுக்க வேண்டுமாம். எனக்கு ஏகக் குஷி. கல்யாணப் போட்டோவுக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைகள் நடுவில் இருப்பார்கள், இல்லை மாமியார் இருப்பார். கதம்பம் வாங்கி வைத்துக்கொண்டு போனேன். பிளாஷ் அடித்ததும், "எதுக்குங்க பென்ஷனுக்கு நான்? சம்பாதிச்சது நீங்கதானே?" என்று கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கப்புறம் நீ போய் நிக்கிறப்ப, நீதான் என் சம்சாரம்னு அவங்களுக்குத் தெரியணும்ல? அதுக்குத்தான்."

வெளியே வந்து படியில் நின்றவளுக்குக் கண் மறைத்துவிட்டது. பிளாஷ் கண்ணைக் கூசுது என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றுமே பேசாதவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அந்த டைரி இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இங்கே ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்காரர் அரசு வேலையில் இருந்தால், கூச்சப்படாமல் பேப்பர்களைப் பற்றிக் கேளுங்கள். பென்ஷன் ஆர்டர் நம்பர், பாங்க் பாஸ்புத்தகம், யார் பெயர் வாரிசாக இருக்கிறது, உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருக்கிறபடியே அதில் இருக்கிறதா என்று பாருங்கள். என் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததைத் திருத்த இரண்டு மாதம் அலைந்தோம். அவர் இருக்கும்போதே அலைந்தோம் என்பதுதான் ஆறுதல். 2003 ஏப்ரலுக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அதையும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

2023 ஜூன் 30. சந்தன மாலை, பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம். ஆபீஸ் காரிலேயே வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தேன். அத்தோடு என் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

முப்பத்தைந்து வருஷம் பைல் பார்த்த கை சும்மா இருக்குமா? மூன்றாம் நாளே பால் கணக்கு நோட்டுக்கு ஓரம் கட்டி நம்பர் போட்டார். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று தேதி எழுதி சமையலறைக் கதவில் ஒட்டினார். "போன மாசம் நாப்பத்திரண்டு நாள் வந்திருக்கு, இந்த மாசம் முப்பத்தெட்டு. ஏன்?" என்று எனக்கு மெமோ! ஏன் என்றால், ஆபீஸில் குடித்துப் பழகிய பதினொரு மணி டீயும் மூன்றரை மணி டீயும் இப்போது என் அடுப்பில் அல்லவா கொதிக்கிறது? மத்தியானம் பழைய குழம்பும் அப்பளமுமாக நான் முடித்துக்கொண்டிருந்த சாப்பாடு, இப்போது பொரியல், ரசம் என்று விரிந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தலை சாய்க்கலாமென்றால், "இந்தாம்மா, அந்தக் கத்திரிக்கோல் எங்க?" என்று குரல் வரும்.

இன்னொரு பக்கம், ரிடையர் பணத்தின் வாசம் ஊருக்கு எப்படித்தான் தெரியுமோ! வராத சொந்தமெல்லாம் வந்தது. ஒருவர் கைமாற்று கேட்டார். இன்னொருவர், பாங்கைப்போல் இரண்டு பங்கு வட்டி தரும் இடம் தெரியும் என்றார். இவர் கொஞ்சம் சபலப்பட்டார். நான் மட்டும் ஒரே பிடியாக நின்றேன். கடைசியில் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் என்னையும் கூட்டாகச் சேர்த்துப் போட்டார். மனைவிக்கு அறுபது ஆகாவிட்டாலும் கூட்டாகச் சேர்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி கணக்கில் விழும். அந்த வட்டி டைரிக்கு என்று அப்போதே பேசி வைத்துக்கொண்டேன். நான் செய்த ஒரே சாமர்த்தியம் அதுதான்.

ஆனால் பேசியபடி உடனே கிளம்பிவிடவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. டி.வி.யும் நாற்காலியும் அவரும் ஒன்றாகிவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம், நாலாவது தடவை டீ கேட்டபோது, டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "எனக்கு எப்பங்க ரிடையர்மென்ட்?" என்று கேட்டேன். சண்டையாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு அடுப்படியில் சத்தம். போய்ப் பார்த்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கிறது, நடுவே இவர் கரண்டியும் கையுமாக நிற்கிறார். அன்றைய டீ கழனித்தண்ணிபோல இருந்தது. குடித்தேன். இப்போது நன்றாகவே போடுகிறார். காய் நறுக்குவதும் அவர்தான். பீன்ஸை மட்டும் அளவெடுத்த மாதிரி நறுக்குவார், அதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

முதல் பயணம் பதினைந்து கிலோ மீட்டர்தான். தேனியிலிருந்து போடிக்கு ரயிலில். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கல்யாணம் முடிந்து மறுவீடு போனது எங்கள் சின்ன ரயிலில்தான். ஆண்டிபட்டிக் கணவாயில் அது மூச்சு வாங்கி ஏறும்போது அவர் ஜன்னல் வழியே எனக்கு ஒவ்வொரு ஊராகக் காட்டிக்கொண்டு வந்தார். 2010 டிசம்பர் கடைசியில் அகலப் பாதையாக்குகிறோம் என்று அந்த ரயிலை நிறுத்தினார்கள். இரண்டு வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள். தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் மாதம், இவர் ரிடையர் ஆன அதே மாதம். பன்னிரண்டு வருஷத்தில், அந்தச் சின்ன ரயிலில் மடியில் உட்கார்ந்து வந்த என் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது.

மதுரையிலிருந்து காலையில் வரும் ரயிலில் ஏறினோம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனேன். பதினைந்து கிலோ மீட்டருக்குக் கட்டுச்சோறா என்று என் மகன் போனில் கேலி செய்தான். போடியில் இறங்கி ஏலக்காய்க் கடைப் பக்கம் நடந்தோம். தெருவே மணக்கிறது. கேரளா மலைத்தோட்டத்தில் விளையும் காய் இங்கே ஏலத்துக்கு வந்து, இங்கிருந்துதான் வடக்கே போகிறதாம். பாயசத்துக்கு நாலு காய் தட்டிப் போடும் நமக்கு, பச்சைக் காய் சாக்குச் சாக்காக இருப்பதைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. அந்தக் காயைப் பறிக்க விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலை ஏறும் பெண்களையும் இந்தப் பக்கத்தில் தினமும் பார்க்கலாம். அவர்களுக்கு ரிடையர்மென்ட் எப்போது என்று அன்று நான் வாய்விட்டுக் கேட்டேன். இவர், "உனக்கு இந்தக் கேள்வி ஒண்ணுதான் தெரியும்" என்றார். சாயங்கால ரயிலில் திரும்பினோம். ரயில் பெட்டியில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஆபீஸ் போன காலத்தில் அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

பிறகு சுருளி. டவுன் பஸ்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நான் இலவசமாக உட்கார்ந்திருப்பேன், அவர் சட்டைப்பையில் சில்லறை தேடுவார். ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகையை, ஆண்களுக்கு 40 சதவீதம் இருந்ததை, 2020-ல் நிறுத்திவிட்டார்கள். இவருக்கு அறுபது ஆனபோது அதுவும் இல்லை. "வயசானதுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல" என்று புலம்புவார்.

சுருளிக்கு நாங்கள் போன அன்று வெள்ளம் என்று குளிக்க விடவில்லை. இருபத்தாறு வருஷம் காத்திருந்த அருவியைத் தூரத்தில் நின்று சத்தம் மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். அதனாலென்ன, வரும் வழியில் சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குள் போனோம். பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு இருக்கும். தலைக்கு மேலே கருநீலக் குலைகள், கீழே பச்சை வெளிச்சம். தோட்டக்கார அம்மா கை நிறையப் பறித்துக் கொடுத்தார். இவருக்குச் சர்க்கரை. நான் எண்ணிப் பத்துப் பழம் கொடுத்தேன். பதினொன்றாவதைத் திருடிச் சாப்பிட்டதை நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்தப் பயணம் எனக்கு வேறு விதத்தில் பாடமாகிவிட்டது. பஸ்ஸில் போகும்போது ஒதுங்க இடம் கிடைக்காதே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவே இல்லை. நம்மில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்! பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வந்த பழக்கம். மறுநாள் நீர்க்கடுப்பு, அதற்கடுத்த நாள் குளிரும் காய்ச்சலும். லேடி டாக்டர், "தண்ணி குடிக்காம, வந்ததையும் அடக்கி வச்சா கிருமி தங்காம என்ன செய்யும்? இந்தக் காய்ச்சல் கிட்னி வரைக்கும் போயிருக்கும்மா" என்று திட்டித்தான் மருந்து எழுதினார். இப்போது கிளம்புமுன் நான் முதலில் விசாரிப்பது கோயில் நடை திறக்கும் நேரத்தை அல்ல, எந்த ஸ்டாண்டில் கழிப்பறை சுமாராக இருக்கும் என்பதைத்தான். பையில் சோப்பும் ஒரு சின்னச் செம்பும் இருக்கும். ஐந்து ரூபாய் சில்லறை தனியாக. தண்ணீர் வழக்கம்போல் குடிக்கிறேன். வெட்கப்பட்டால் ஊர் பார்க்க முடியாது.

மேகமலைக்கு ஒரு தடவை போனோம். சின்னமனூரிலிருந்து மலைப்பாதை, பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் எல்லாப் பூவையும் பார்க்கவில்லை, பாதி வழியில் எலுமிச்சம்பழமும் கவருமாகக் கண்ணை மூடிக்கொண்டேன். மேலே தேயிலையும் பனியும் அழகுதான். அதற்குமேல் எழுத எனக்கு ஞாபகம் இல்லை.

லோயர் கேம்ப்பில் பென்னி குயிக் மணிமண்டபத்துக்கு இவர்தான் ஆசைப்பட்டுக் கூட்டிப்போனார். மேற்கே கடலுக்கு ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே நம் பக்கம் திருப்பிய முல்லைப் பெரியாறு அணை, 1895-ல் கட்டி முடித்தது. அவர் பெயரை இன்றும் இந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். ஜனவரி 15-ல் அவருக்குப் பொங்கல் வைக்கிற ஊர்கள் உண்டு. இவர் சிலையைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். "இத்தனை வருஷம் பாசன பைல்ல எத்தனை தடவ இந்தப் பேர எழுதியிருப்பேன், ஒரு தடவகூட இங்க வந்ததில்ல பாரு" என்றார். வெளியே வந்து தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி இட்லியும் எள்ளுப்பொடியும் சாப்பிட்டோம்.

கண்ணகி கோயிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கேரள எல்லையில் மலை உச்சியில், மங்கலதேவி என்றும் சொல்வார்கள். வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். நம் பக்கம் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து ஏறலாம். என் முழங்காலுக்கு அது ஆகாது என்று குமுளி போய் ஜீப்பில் ஏறினோம். 2024 ஏப்ரல் 23. விடியுமுன்பே வரிசை. புலிகள் காப்பகத்துக்குள்ளே போகிற மண் பாதை. ஜீப் குலுக்கிய குலுக்கலில் என் வளையல் இரண்டு உடைந்தது. மேலே போனால் இடிந்த கல் மண்டபம், பூ, குங்குமம், பெண்கள் கூட்டம். நீதி கேட்டு மதுரையை எரித்துவிட்டு இத்தனை தூரம் நடந்து வந்து இங்கே நின்றாள் என்று சொல்கிறார்கள். எனக்கு வேண்டுதல் என்று தனியாக ஒன்றும் தோன்றவில்லை. போட்டோ ஸ்டூடியோப் படி மட்டும் ஞாபகம் வந்தது. இவர் பக்கத்தில் இருந்தார், அதுவே போதும் என்று இருந்தது.

கோயிலுக்குப் பின்னால் மலை விளிம்பில் நின்று பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. வயல் கட்டம் கட்டமாக, தென்னந்தோப்பு, ஊர்கள். "அங்க, அந்தப் பக்கம்தான் நம்ம ஊரு" என்று விரலை நீட்டிக் காட்டினார், சின்ன ரயிலில் காட்டின அதே மாதிரி. தேனி தெரியவில்லை, வெறும் வெயில் மூட்டம்தான். தெரிகிறது என்று சொன்னேன்.

திரும்பி வந்த அன்று ராத்திரி, அவர் கால் நீட்டிப் படுத்திருந்தபோது தற்செயலாகப் பார்த்தேன். வலது பாதத்தில் எட்டணா அளவுக்குக் கொப்புளம், உடைந்து நீர் வடிந்திருக்கிறது. சித்திரை வெயிலில் கல்லில் வெறுங்காலோடு நின்றது. "வலிக்கலையா?" என்றால், "என்னது?" என்கிறார். அவருக்கே தெரியவில்லை! எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. சர்க்கரை வெகு நாளாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும், சூடும் முள்ளும் தெரியாது, புண் ஆறாமல் விரலையே எடுக்கிற நிலைமைகூட வரும் என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரம் கட்டு. அந்த மூன்று வாரமும் நான் டைரியைத் திறக்கவில்லை. காசியாவது ஒன்றாவது, இவர் கால் மிச்சமானால் போதும் என்றிருந்தது.

புண் ஆறியதும் அவர்தான் மறுபடி ஆரம்பித்தார். நானும் சில கட்டுப்பாடு வைத்தேன். வெயிலில் கோயில் பிரகாரம் என்றால் தடித்த காலுறை. சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. தினமும் படுக்குமுன் அடிப்பாதத்தை நான் ஒரு தடவை பார்த்துவிடுவேன், விரல் இடுக்கு உட்பட. மாத்திரை என் கைப்பையில் ஒரு பங்கு, அவர் சட்டைப்பையில் ஒரு பங்கு. பஸ் தாமதமாகி சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் வேர்த்துக் கை நடுங்கும், அதற்குக் குளுகோஸ் பொட்டலம். பொரிச்ச கடலையும் ஒரு பிடி.

போன வருஷம் தேனியிலேயே ஏறி இரவு ரயிலில் சென்னை போனோம், மகனிடம். வாரம் மூன்று நாள் போடியிலிருந்து சென்னைக்கு ரயில் இருக்கிறது. மகன் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். ராமேஸ்வரமும் ஆயிற்று. ஜூன் மாதம் வந்தால் மட்டும் இவர் எங்கும் கிளம்பமாட்டார். கருவூலத்தில் நேர்காணலுக்குப் போக வேண்டும். "உசுரோட இருக்கேன்னு சொல்லிட்டு வந்துர்றேன்" என்று சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். முதல் தடவை அந்தப் பேச்சுக்கு அவரைக் கடிந்துகொண்டேன். இப்போது, "சொல்லிட்டு வரும்போது கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க" என்கிறேன்.

நான் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேனே அந்தக் காசி நோட்டீஸ், அது டைரிக்குள்தான் இருந்தது. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கையில் கொடுத்துவிட்டேன். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போவீகளா? ஒரு ஓரமா வந்துக்கிறேன்" என்றார். இவரிடம் சொன்னேன். "மூணு டிக்கெட்டாப் போட்டுடு" என்றார்.

புதன்கிழமை கிளம்புகிறோம். வட நாட்டுச் சாப்பாடு அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டே இதை எழுதுகிறேன். எண்ணெய் பிரிந்து வருகிறது. இவர் வாசலில் உட்கார்ந்து மூன்று பேருடைய மாத்திரையையும் நாள் வாரியாகக் கவரில் போட்டு, ஒவ்வொரு கவருக்கும் ஓரம் கட்டி நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறார். அடுப்பை அணைக்கணும்.